ஏரிக்கரையில் தொடங்கிய வம்சக் கதை
(சிதம்பரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு குடும்பத்தின் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பல பாகங்களில் சொல்லிச் செல்லும் நெடும் புனைகதையில் சாகச நாவலுக்கு என்ன இடம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஆங்கிலம் படிக்கும் நம் இளைஞர்கள் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாக முதலில் சொல்வது, 1933ஆம் ஆண்டு இன்றைய ஜாம்பியாவில் பிறந்து 2021ஆம் ஆண்டு மறைந்த வில்பர் ஸ்மித் என்பாரின் கோர்ட்னி வம்ச நாவல்களைத்தான். அவை கோடிக்கணக்கான பிரதிகள் விற்றவை; ஆகையால் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையன்று. 1964இல் வெளிவந்த 'வென் தி லயன் ஃபீட்ஸ்' என்னும் முதல் நாவலில், நேட்டால் நாட்டுப் பண்ணை ஒன்றில் வளரும் ஷான், காரிக் என்னும் இரட்டைச் சகோதரர்களைக் காண்கிறோம். ஒருவன் வேட்டைத் துப்பாக்கியிலிருந்து தவறிப் பாய்ந்த குண்டினால் மற்றவன் காலை இழக்கிறான். அந்த ஒரு கணத்திலிருந்து ஒரு குடும்பத்தின் பகையும் பாசமும் பல தலைமுறைக்குக் கிளை விடுகின்றன. தங்கச் சுரங்கம், யானை வேட்டை, போர், கடற்பயணம் என்று வம்சத்தில் பிறந்த ஒவ்வொருவரும் தாமே சாகசக்காரராக வெளிக்கிளம்புகிறார்கள்.

அந்த வரிசையில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. முதல் நாவல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்வது. அது வெளிவந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1997இல், அதே ஆசிரியர் 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' என்னும் நாவலில் அக்குடும்பத்தின் மூதாதையரான பிரான்சிஸ் கோர்ட்னியையும் அவர் மகன் ஹாலையும் 1667ஆம் ஆண்டின் நன்னம்பிக்கை முனைக் கடலில், டச்சுக் கப்பலுக்காகக் காத்திருக்கும் கொள்ளைக் கப்பல் ஒன்றில் நிறுத்துகிறார். அதாவது பேரனைப் படைத்த பின்னர்த்தான் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்கிறான். நம் கல்கியும் இவ்வாறே செய்தவர் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? 1941இல் தொடங்கிய 'பார்த்திபன் கனவி'ல் நரசிம்ம பல்லவர் வயது வந்த ஒரு பெண்ணுக்குத் தந்தையாக, மாறுவேடத்தில் இரவெல்லாம் சுற்றும் முதிர்ந்த சக்கரவர்த்தியாக வருகிறார். 1944இல் தொடங்கிய 'சிவகாமியின் சபத'த்திலோ அவரே தம் தந்தை மகேந்திரரின் நிழலில் நிற்கும் இளவரசர். முடிவை முதலில் எழுதிவிட்ட ஆசிரியனுக்கு, அந்த முடிவுக்கு ஒரு மனிதன் எப்படி வந்து சேர்ந்தான் என்னும் கேள்வி உறக்கம் கெடுக்கும் போலும். வம்சக் கதையின் ஊற்றுக்கண் பெரும்பாலும் அந்தக் கேள்விதான்.

ஸ்மித்தின் ஆப்பிரிக்க நாவல்களைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடலும் புயலும் வேட்டைக்களமும் அவர் கையில் உயிர்பெறுவதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்நூல்களில் மண் ஒருவருடையதாகவும் கதை வேறொருவருடையதாகவும் இருக்கிறது. வந்து குடியேறியவனின் பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் வாரிசு யார் என்பதே பிரதானமாகிவிட, அந்நிலத்திலேயே பிறந்து வளர்ந்த ஜூலு வீரன் எத்துணை மாண்போடு வரையப்பட்டாலும் எஜமானனின் பக்கத்தில் நிற்கும் துணைவனாகவே நின்றுவிடுகிறான். மண்ணின் மைந்தர்களுக்கு அவர்கள் மண்ணிலேயே உபகதைதான் கிடைக்கிறது என்பது என்னைச் சங்கடப்படுத்துகிறது. இந்தச் சங்கடத்தோடு நம் பக்கம் திரும்பினால், இதே இலக்கிய வகையின் மிகச் சிறந்த உதாரணம் ஒன்று இந்த மண்டபத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில், ஓர் ஏரிக்கரையில் தொடங்குகிறது என்பது நினைவுக்கு வருகிறது.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில், ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு வெளிவந்து, ஐந்து பாகங்களாக நிறைவுற்றது. அதன் கதையைத் தெரியாதவர் இந்த அவையில் இருக்க முடியாது. ஆகையால் நான் கதை சொல்லப்போவதில்லை. அந்த மாபெரும் மாளிகைக்கு ஆசிரியர் வாசலை எங்கே வைத்தார் என்பதை மட்டும் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கு. வீராணம் என்று நாம் இன்று வழங்கும் வீரநாராயண ஏரி வடவாற்று நீரால் நிரம்பிக் கிடக்கிறது. எழுபத்து நான்கு கணவாய்களின் வழியே புதுவெள்ளம் பாய்கிறது. ஊர்ப் பெண்கள் கும்மியடித்துப் பாடுகிறார்கள். பிள்ளைகள் சப்பரம் இழுக்கிறார்கள். வண்டிகளில் சித்திரான்னம் கட்டிவந்த குடும்பங்கள் கரையில் அமர்ந்து உண்கின்றன. களைத்த குதிரைமேல் ஒரு வாலிபன் இவற்றையெல்லாம் கண்ணாரப் பருகியபடி மெல்லச் செல்கிறான். அப்போது ஏரியில் பழுவேட்டரையரின் பனைக்கொடி பறக்கும் படகுகள் வருகின்றன; ஏவலர்கள் கூட்டத்தை அதட்டி விலக்குகிறார்கள்; சிரித்துக்கொண்டிருந்த ஜனங்களின் குரல் அடங்குகிறது. ராஜ்யத்தில் ஏதோ சரியில்லை என்பதை ஒரு மந்திரியும் ஒரு தூதனும் வந்து சொல்லாமல், விழாக்கொண்டாடும் உழவர் குடும்பங்களின் முகத்தில் படரும் அச்சத்தைக் கொண்டே ஆசிரியர் நமக்கு உணர்த்திவிடுகிறார். முதல் அத்தியாயத்திலேயே இதைச் சாதிப்பது எளிய காரியமன்று.

வந்தியத்தேவன் என்னும் அந்த வாலிபனுக்கு நாடு இல்லை. அவன் முன்னோர் ஆண்ட வாணகப்பாடி போய்விட்டது. மிஞ்சியது ஒரு குதிரை, ஒரு வாள், இடுப்புப் பட்டையில் பட்டத்து இளவரசர் ஆதித்த கரிகாலர் கொடுத்தனுப்பிய இரண்டு ஓலைகள். நண்பன் கந்தமாறனின் கடம்பூர் மாளிகையில் ஓர் இரவு தங்குகிறான். குரவைக் கூத்தும் தேவராளனின் வெறியாட்டும் முடிந்து, உறங்குவதற்குப் படுத்தவன், நள்ளிரவில் எழுந்து மதிலோரம் ஒளிந்து நோக்க, கீழே சிற்றரசர்கள் கூடிச் சதியாலோசனை செய்கிறார்கள். பழுவேட்டரையரின் இளைய ராணி நந்தினி அமர்ந்திருப்பதாக ஊரார் நம்பிய மூடுபல்லக்கின் திரை விலகுகிறது. உள்ளிருந்து இறங்குகிறவர் மதுராந்தகத் தேவர். சிம்மாசனத்துக்கு உரிமை கொண்டாடும் ஓர் இளவரசர் பெண்ணைப்போல் மறைந்து பிரயாணம் செய்கிறார் என்பதை அந்த ஒரு காட்சியில் காட்டியபின், அவர் குணத்தைப் பற்றி வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இங்கேதான் கல்கியின் யுக்தி புலப்படுகிறது. வம்சக் கதையின் நாயகர்கள் இயல்பாகவே வீட்டோடு கட்டுண்டவர்கள். யார் மூத்தவர், யாருக்கு எப்போது பட்டம், யார் மகன் யார் என்பவையே அவர்கள் கவலை. சாகச நாவலுக்கோ வழியில் நிற்கும் மனிதன் வேண்டும். கோர்ட்னி குடும்பத்துக் கதையில் குடும்பத்தினரே வழிப்போக்கராக வேண்டியிருக்கிறது. கல்கியோ ராஜ்யமே இல்லாத ஒருவனை, ராஜ்யம் அளவுக்கு மீறியுள்ள குடும்பத்துக்குள் அனுப்புகிறார். வந்தியத்தேவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அவன் கேட்டுத் தெரிந்துகொள்வதை நாமும் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொள்கிறோம். பராந்தகருக்கு இராசாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர் என்று மைந்தர்கள் இருந்ததும், மூத்தவர் தக்கோலப் போரில் 949இல் யானைமீதே மடிந்ததும், கண்டராதித்தர் குழந்தையை விட்டு மறைந்ததால் பட்டம் தம்பி கிளைக்குச் சென்றதும், அந்தக் கிளையில் சுந்தர சோழர் வந்ததும் ஒரு வம்சாவளிப் பட்டியலாக வந்திருந்தால் எத்தனை பேர் பொறுமையோடு படித்திருப்போம்? கண்டராதித்தர் இந்தத் தில்லைக் கூத்தன்மீது திருவிசைப்பா பாடியவர் என்பதை இங்கே கூடியிருப்பவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பக்தியில் ஆழ்ந்த அந்தப் பெரியவரின் மகன் மதுராந்தகருக்கு அரசு சேர வேண்டுமா, போர்க்களத்தில் நின்ற தம்பி கிளைக்குச் சேர வேண்டுமா என்பதே ஐந்து பாகங்களையும் இழுத்துச் செல்லும் வடம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் திருக்கோயில் இருக்கிறது. அதன் கருங்கல் சுவரில் உள்ள சாசனங்களுள் ஒன்று, கல்வெட்டுத் துறையார் 1920இல் 577ஆம் எண்ணிட்டுப் பதிவு செய்தது. இராசகேசரிவர்மரான இராசராசரின் இரண்டாம் ஆட்சியாண்டில், வீரநாராயணச் சதுர்வேதி மங்கலத்துச் சபையாருக்கு அரசர் அனுப்பிய திருமுகம் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழரை, அதாவது ஆதித்த கரிகாலரை, கொன்று துரோகிகளானவர் என்று சிலரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது: சோமன், அவன் தம்பி பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்ற இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்ற பரமேசுவரன். அவர்களுடைய சொத்து மட்டுமன்றி, உடன்பிறந்தார், மக்கள், தாய்வழி தந்தைவழி உறவினர், பெண் கொண்டார், பெண் கொடுத்தார் ஆகியோரின் உடைமைகளும் பறிக்கப்பட்டு விற்கப்பட்டன. விலைக்கு வாங்கிய ஒருவர் அந்த நிலத்தை அறத்துக்கு எழுதி வைத்ததைச் சொல்லவே அந்தக் கல் பிறந்தது. ஒரு ராஜகுமாரனின் கொலையைப் பற்றி நமக்கு எஞ்சியுள்ள நேர்ச் சாட்சி, ஒரு நிலக் கிரயத்தின் முன்வரலாறாக வந்து சேர்ந்திருக்கிறது!

அந்தச் சாசனம் கொலை எங்கே நடந்தது என்று கூறவில்லை. ஏன் நடந்தது என்றும் கூறவில்லை. கொலையாளிகளின் நிலம் எந்த ஊரில் இருந்தது என்பது மட்டும் தெரிகிறது: வீரநாராயண ஏரிக்கரையிலுள்ள சதுர்வேதி மங்கலம். இப்போது நாவலின் முதல் பக்கத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். வந்தியத்தேவன் குதிரையை மெல்ல நடத்திச் சென்ற அந்தக் கரை எது? ஆழ்வார்க்கடியானோடு அவன் விண்ணகரக் கோயிலுக்குள் நுழைந்த அந்த ஊர் எது? நாதமுனிகள் பிறந்து திவ்யப் பிரபந்தத்தைத் திரட்டிய பெருமையுடைய அதே ஊர்தான் உடையார்குடிச் சாசனம் பேசும் ஊர். கதை எந்த மண்ணில் புதுவெள்ளக் களிப்போடு தொடங்குகிறதோ அந்த மண்ணில்தான் பட்டத்து இளவரசரைக் கொன்றவர்களின் வீடு வாசல்கள் இருந்தன. கல்கி இதனை எங்கும் சுட்டிக்காட்டிப் பெருமை பேசவில்லை. அறிந்தவன் அறிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். சிலர் அவரது நாவலை ரயில் பயணத்துக்கேற்ற பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் காட்டுமன்னார்கோயில் வரை ஒருமுறை போய் வந்தால் அந்த அபிப்பிராயத்தைக் கைவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

கொலைக்களமாக அவர் தேர்ந்துகொண்ட கடம்பூரும் அங்கிருந்து சில மைல் தூரத்தில்தான் உள்ளது. இன்று மேலக்கடம்பூருக்குச் செல்பவர் சம்புவரையர் மாளிகையைத் தேடினால் காண முடியாது. தேர்போலச் சக்கரங்களும் குதிரைகளும் கல்லில் வடித்த அமிர்தகடேசுவரர் கருவறையைக் கண்டு மெய்ம்மறந்து திரும்பலாம். சரித்திரத்தில் சம்புவரையர்கள் பிற்காலத்தில் படைவீட்டை இருப்பிடமாகக் கொண்டு புகழ்பெற்றவர்கள். அவர்களைக் கடம்பூரில் குடியேற்றியது முற்றிலும் ஆசிரியரின் சிருஷ்டி. ஆனால் அது காரணமற்ற சிருஷ்டி என்று நான் எண்ணவில்லை. கொலையாளிகளின் நிலம் இருந்த ஊருக்கு அருகிலேயே கொலையையும் நிகழ்த்திவிட வேண்டும் என்னும் நியாயம் அவர் உள்ளத்தில் இருந்திருக்க வேண்டும். வந்தியத்தேவன் கொள்ளிடம் கடந்து, குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம் என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் மறுபடியும் கடம்பூருக்கே வந்து, அந்தக் கொலைப்பழியையும் தன் தலையில் சுமந்து பாதாளச் சிறை புகுவது வெறும் திருப்பத்துக்காக அமைத்த திருப்பமன்று. கல்லில் இருக்கும் ஊரைச் சுற்றியே கதையும் வட்டமிடுகிறது.

இந்தக் கொலையைப் பற்றி அறிஞர்களிடையே நிகழ்ந்த விவாதத்திலும் நம் ஊருக்குப் பங்கு உண்டு. சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய நீலகண்ட சாஸ்திரியார், ஆதித்த கரிகாலருக்குப் பின் அரசெய்திய, மதுராந்தகர் என்னும் உத்தம சோழருக்கு இதில் பங்கிருக்கலாம் என ஐயுற்றார். கொலைக்கும் சாசனத்துக்கும் இடையே உத்தமரின் ஆட்சிக்காலம் முழுவதும், ஏறத்தாழ 16 ஆண்டுகள், கழிந்திருப்பது அந்த ஐயத்துக்கு இடம் தருகிறது. நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சி செய்த சதாசிவ பண்டாரத்தார், தமது 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் இதனை ஏற்க மறுத்தார். தண்டனை முன்பே விதிக்கப்பட்டு, எஞ்சிய சொத்தை அகற்றிய கடைசி நடவடிக்கையே கல்லில் உள்ளது என்று கொள்ளவும் இடம் இருக்கிறது. பண்டாரத்தாரின் முதற்பகுதி பல்கலைக்கழக வெளியீடாக 1949இல் வந்தது. கல்கியின் தொடர் அடுத்த ஆண்டில் தொடங்கிற்று.

இரண்டு அறிஞர்களுக்கிடையே ஒரு நாவலாசிரியர் என்ன செய்ய முடியும்? கல்கி செய்தது என்னைப் பொறுத்தவரை அந்த நாவலின் ஆகச்சிறந்த சாமர்த்தியம். அவர் மதுராந்தகரை இரண்டு பேராக்கிவிட்டார். பேராசை கொண்டு பல்லக்கில் ஒளிந்து திரியும் மதுராந்தகர் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்தவரே அல்லர்; தஞ்சை நகர்ப்புறத்தில் பூத்தொடுத்துச் சிவனுக்குச் சாத்திவந்த சேந்தன் அமுதனே உண்மையான மைந்தன், அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். ஐயத்துக்கு ஓர் உருவம், மறுப்புக்கு ஓர் உருவம்! சாஸ்திரியாரின் சந்தேகமும் பண்டாரத்தாரின் பரிவும் ஒரே நூலில் முரண்படாமல் குடியிருக்கின்றன. அவ்வையும் திருமுறையும் பயின்ற தமிழ் நெஞ்சுக்கு, கண்டராதித்தரின் மகனைக் கொலைகாரனாகக் காண்பது எவ்வளவு கடினம் என்பதையும் அவர் உணர்ந்தே இவ்வழியைத் தேடியிருப்பார். பின்னாளில் இராசராசரான அருள்மொழிவர்மர் தமக்கு வந்த முடியைச் சிறிய தந்தைக்கு விட்டுக்கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அந்தத் தியாகத்துக்குத் தகுதியான ஒருவன் வேண்டாமா?

ஆனால் ஆதித்தரைக் குத்திய கை யாருடையது என்பதை மட்டும் கல்கி தெளிவாகச் சொல்லவில்லை. இருட்டு அறை, நந்தினி, இரவிதாசன் கூட்டம், பெரிய பழுவேட்டரையர், ஒவ்வொருவரையும் பற்றி நம் மனம் ஊசலாடுகிறது. பழுவேட்டரையர் பழியைத் தாமே ஏற்றுக்கொள்கிறார். அவர் சொல்லை நம்புவதா வேண்டாமா என்பது வாசகர் பாடு. இதனைக் குறையென்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கல் பேசாத இடத்தில் நாவலும் பேசாமல் நின்றதை நான் ஆசிரியரின் நேர்மையாகவே கொள்கிறேன். வில்பர் ஸ்மித் எந்த முடிச்சையும் அவிழ்க்காமல் விடுபவர் அல்லர்; அது அவருடைய பலம். அவர் குடும்பம் கற்பனைக் குடும்பம். அதற்கு உடையார்குடி இல்லை.

வந்தியத்தேவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில், குந்தவைப் பிராட்டியார் செய்த திருப்பணியைச் சொல்லும்போது, அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று வருகிறது. மனைவியின் பெருமையைப் பேசுமிடத்தில் கணவனுக்குக் கிடைத்த ஒரு பெயர், அவ்வளவே. அந்தப் பெயரிலிருந்து, சிரிப்பும் துடுக்கும் ஆபத்தில் தானாகச் சென்று விழும் இயல்பும் கொண்டு தமிழ்நாட்டு இளைஞர்கள் இன்றும் நேசிக்கும் வாலிபன் எழுந்து வருகிறான். அவன் பக்கத்தில் ஓடம் தள்ளும் பூங்குழலி நிற்கிறாள். அவளும் சேந்தன் அமுதனும் அரண்மனைக்கு வெளியே வளர்ந்தவர்கள். ஆப்பிரிக்கக் கதையில் நான் கண்ட குறை இங்கே இல்லை. மண்ணில் உழைப்பவர்கள் கதையின் விளிம்பில் நின்றுவிடாமல், அதன் முடிவையே தங்கள் கையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

கடலூர் அன்பர்கள் இதுவரை தங்கள் ஊரின் பெயர் வரவில்லையே என்று எண்ணக்கூடும். சாகசத்துக்கு அங்கே பஞ்சமா? 1690ஆம் ஆண்டு தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கினர். அந்த ஒப்பந்தப்படி, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லை வரையிலுள்ள நிலமும் அவர்களுக்குரியது. அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் என்றே பெயர் பெற்றன. எந்தச் சட்டத்தில், எந்த நியாயத்தில், ஒரு குண்டு தரையில் விழுந்த இடம் உழவனின் வயலுக்கு எஜமானனைத் தீர்மானிக்கும்? ஏறக்குறைய அதே காலத்துக் கடலில்தான் ஸ்மித்தின் 'மான்சூன்' நாவலில் ஹால் கோர்ட்னியின் நான்கு பிள்ளைகள் கம்பெனியின் நிழலில் அலைகிறார்கள். கோட்டையின் பக்கமிருந்து எழுதப்பட்ட அந்தக் காலத்தை, குண்டு விழுந்த வயலின் பக்கமிருந்து எழுத வேண்டியவர்கள் கடலூர்ப் பிள்ளைகள். ஜெயகாந்தன் பிறந்த ஊர், புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூர் இருக்கும் ஊர், அதற்கு எழுத்தாளரைத் தராமல் போகாது.

கல்கி ஐந்தாம் பாகத்தை முடித்த 1954ஆம் ஆண்டின் இறுதியிலேயே, டிசம்பர் 5ஆம் நாள், காலமானார். முடித்த கையோடு அவர் முடிவுரை ஒன்று எழுத வேண்டியதாயிற்று. கதையைத் திடீரென நிறுத்திவிட்டீர்களே, இன்னார் என்ன ஆனார், இன்னாள் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்டபடி இருந்தார்கள். அவரால் தொடர முடியாததைப் பிறர் தொடர்ந்தார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். அகிலன் 'வேங்கையின் மைந்த'னில் இராசேந்திரரை எடுத்துக்கொண்டு 1963இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றார். சாண்டில்யன் 'கடல் புறா'வில் குலோத்துங்கரின் காலத்துக் கடலுக்குச் சென்றார். பாலகுமாரன் 'உடையா'ரில் இராசராசரின் கோயிலைக் கட்டினார். இவற்றின் இலக்கியத் தரம் ஒன்றுபோல் இல்லை. அதை விரித்துரைக்க வேறொரு மாலை வேண்டும். ஆனால் கோர்ட்னிகளை ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் எழுதிய இடத்தில், சோழர் குடும்பத்தின் கதையை ஒருவரையொருவர் கலந்து பேசாமலே பல ஆசிரியர்கள் பாகம் பிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த நீண்ட வரிசையின் நடுவில், குதிரைமேல் வந்த ஒரு வாலிபனின் சாகசமாகப் 'பொன்னியின் செல்வன்' நிற்கிறது. முன்னும் பின்னும் உள்ளவற்றைப் படிக்கத் தூண்டுவதும் அதுவே.